அடையாளமிடுபவர் வணிகர், காட்டுபவர் வேறொருவர்

இணையக் கடையொன்றில் "2,500" என்று எழுதியிருந்தால் அது பொருளின் விலையா, கழிவுக்கு முந்திய விலையா, அனுப்பும் கட்டணமா என்பது மனிதருக்கு விளங்கும். கணினிக்கு விளங்காது. அதனை விளங்கவைப்பதற்காக உருவானவையே குறியீட்டு மொழிகள்.

1998 இல் எக்ஸ்.எம்.எல். மொழி ஒரு தரமாக வெளியிடப்பட்டதும், நிறுவனங்கள் தத்தமது பொருட்பட்டியல்களைப் பொது வடிவில் பரிமாற வழி பிறந்தது. 2011 ஜூனில் கூகுள், பிங், யாஹூ ஆகியன, போட்டியாளர்களாயிருந்தும், ஸ்கீமா டொட் ஓர்க் எனும் பொதுச் சொற்றொகுதியை அறிவித்தன. விலை, கையிருப்பு, வாடிக்கையாளர் மதிப்பீடு என ஒவ்வொன்றுக்கும் அதில் வரையறுத்த பெயருண்டு. பயன்படுத்தக் கட்டணமில்லை.

சிக்கல் அதன் பின்னரே எழுகின்றது. பிழையின்றி அடையாளமிட்டாலும் தேடல் முடிவில் சிறப்புக் காட்சி கிடைக்குமென்ற உத்தரவாதமில்லை. கூகுளின் வழிகாட்டலே இதனை ஒப்புக்கொள்கின்றது. 2023 ஆகஸ்டில் அந்நிறுவனம் கேள்வி-பதில் காட்சியை நன்கறியப்பட்ட அரச, சுகாதாரத் தளங்களுக்கு மட்டுமென மட்டுப்படுத்தியது. அதற்கெனப் பணமும் நேரமும் செலவிட்ட வணிகர்களின் உழைப்பு ஒரே அறிவிப்பில் பெருமளவு பயனிழந்தது. மொழி பொதுச்சொத்து என்பது உண்மையே. அதற்கான பலனை வழங்கும் கை மட்டும் பொதுவானதன்று.

தனது விலை ஒப்பீட்டுச் சேவையைத் தேடலில் முன்னிறுத்தி, போட்டியாளரைப் பின்தள்ளியமைக்காக 2017 இல் ஐரோப்பிய ஆணைக்குழு கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2024 செப்டெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அவ்வழக்கு குறியீட்டு மொழி பற்றியதன்று. எனினும் கடைவீதியின் வாயிற்காவலர் தாமும் அங்கு கடை நடத்தினால் என்ன நேரும் என்பதை அது வெளிச்சமிட்டது. பெருந்தளங்கள் தம்மைத் தாமே முன்னிறுத்துவதை ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் 2024 மார்ச் முதல் தடைசெய்துள்ளது.