லூப்பஸ் நோயும் நம் வீட்டுப் பெண்களும்

லத்தீன் மொழியிலே 'லூப்பஸ்' என்றால் ஓநாய். முகத்தில் உண்டான புண்கள் ஓநாய் கடித்தது போலத் தோன்றியதால் ஐரோப்பிய வைத்தியர்கள் இந்நோய்க்கு அப்பெயரைச் சூட்டினார்கள். தோல் வியாதி என்றே வெகுகாலம் எண்ணப்பட்ட இது உள்ளுறுப்புகளையும் தாக்கும் என்பதை 1872-இல் வியன்னா நகரத்து மருத்துவர் மோரிஸ் கபோசி எடுத்துக் காட்டினார். கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் காவற்படை, வீட்டுக்காரரையே திருடர் என்றெண்ணி அடிப்பது போல, சொந்தத் தோலையும் மூட்டுகளையும் சிறுநீரகத்தையும் தாக்குவதே லூப்பஸ். இது ஒட்டுநோய் அன்று. இந்நோய் கண்ட பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் பதினைந்து வயதுக்கும் நாற்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்டவர்கள். எனவே பெண்கள் பள்ளியின் ஆண்டு மலரில் இதைப்பற்றி எழுதுவது பொருத்தமே.

நமது தாமிரபரணிக் கரையிலே இந்நோய் எப்படி வருகிறது? ஓநாயின் முகத்தோடு வருவதில்லை. கன்னங்களிலும் மூக்கின் மேலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் செந்நிறத் தடிப்பு உண்டாகும் என்று ஆங்கிலப் புத்தகங்கள் கூறும். நம்மவரின் மாநிறத்திலே அது சிவப்பாகத் தெரியாமல் கருமையாகவே தெரிவதுண்டு. "மங்கு விழுந்திருக்கிறது" என்று ஆச்சி ஜாதிக்காயை உரைத்துப் பூசுவாள். விரல் மூட்டு வலித்தால் பீடி சுற்றுவதால் வந்தது என்பார்கள். காய்ச்சலும் சோர்வும் நடவு வயலின் வெயிலால் என்பார்கள். முடி கொட்டினால் உப்புத் தண்ணீரின்மேல் பழி விழும். ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமான காரணந்தான். இவையெல்லாம் ஒரே பெண்ணிடம் சேர்ந்து வரும்போது ஐயப்பட வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. கால் வீங்கிச் சிறுநீர் நுரைக்கும் நாள்வரை காத்திருந்தால், அதற்குள் சிறுநீரகம் பழுதுபட்டிருக்கலாம். சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனையோ மிகவும் எளியது, செலவும் சொற்பம்.

1948-இல் அமெரிக்க மருத்துவர் மால்கம் ஹார்கிரேவ்ஸ், பிற அணுக்களின் கருவை விழுங்கி நிற்கும் வெள்ளையணுக்களை இந்நோயாளிகளிடம் கண்டுபிடித்தார். அதற்குப் பின்னரே இரத்தத்தைக் கொண்டு நோயை அறியும் வழி பிறந்தது. இன்று 'ஏ.என்.ஏ.' என்னும் சோதனை பெரும்பாலான நகரங்களில் கிடைக்கிறது. ஓர் எச்சரிக்கை: லூப்பஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் அது 'பாசிட்டிவ்' என்று வரும், நல்ல சுகமுள்ள சிலருக்கும் அப்படியே வரும். காகிதத்தைப் பார்த்து அழ வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

மருந்தின் கதை நம் மலைகளையும் தொட்டுச் செல்கிறது. மலேரியாவுக்குக் கொயினா எடுப்பதற்காக 1860-களில் நீலகிரியிலே சிங்கோனா மரங்களை நட்டார்கள்; ஆனைமலையில் வால்பாறைக்கு அருகே இன்றும் சிங்கோனா என்றே ஓர் ஊர் உண்டு. அதே கொயினாவை 1894-இல் லண்டனில் பெய்ன் என்ற மருத்துவர் தோல் லூப்பஸுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு மலேரியாவுக்கென்று ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட மருந்துகளில் ஒன்றான ஹைட்ராக்சிகுளோரோகுயின்தான் இன்று லூப்பஸ் வைத்தியத்தின் அடித்தளம். 2020-இல் கொரோனாவுக்கு அது கைகண்ட மருந்து என்று உலகமே நம்பி வாங்கிக் குவித்தபோது, லூப்பஸ் நோயாளிகள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். கொரோனாவுக்கு அது பயன்படவில்லை. இவர்களுக்கோ அது அன்றாட உணவு போன்றது. கண்ணை மட்டும் அவ்வப்போது பரிசோதித்துக் கொள்ள வேண்டும்.

1955-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கணக்கின்படி, நோய் கண்டறியப்பட்டவர்களில் நான்காண்டு உயிரோடிருந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேரே. கத்தோலிக்க எழுத்தாளரான ஃபிளானரி ஓ'கானரின் தந்தை 1941-இல் இந்நோயால் மாண்டார். அவரும் ஊன்றுகோலோடு நடந்து கதைகள் எழுதி, 1964-இல் முப்பத்தொன்பதாம் வயதிலே இதனாலேயே மறைந்தார். இன்று நல்ல வைத்தியம் பெறுவோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலே 2021-இல், ஓர் இளம்பெண்ணின் இரத்த அணுக்களையே எடுத்துப் பழக்கி, மீண்டும் அவள் உடலில் செலுத்தி நோயை அடக்கியிருக்கிறார்கள். கேட்க வியப்பாகத்தான் இருக்கிறது; ஆனால் அதன் செலவை நம் ஊர்க் குடும்பங்கள் எண்ணிப் பார்க்கவும் இயலாது.

நமக்கு முன் நிற்கும் தடை வேறு. ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்புகிறது. வகுப்பிலே "பூசணி" என்று ஒருத்தி சிரிக்கிறாள். நோயாளிப் பெண் மாத்திரையைத் தானாகவே நிறுத்துகிறாள். திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அன்புத் தங்கையரே, அந்தச் சிரிப்பின் விலை இவ்வளவு! வீட்டிலோ, பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியக்கூடாதென்று மருந்துச் சீட்டை ஒளித்து வைக்கிறார்கள். மணமான பின்பு அவள் மறைவாக விழுங்குகிறாள், அல்லது விழுங்காமலே விட்டுவிடுகிறாள். லூப்பஸ் உள்ளவள் பிள்ளை பெறலாகாது என்று சொன்ன காலம் போய்விட்டது. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்து, மருத்துவர் யோசனைப்படி மருந்துகளை மாற்றிக்கொண்டால், பெரும்பாலோர் நல்லபடியாகவே தாயாகிறார்கள். அதற்குக் கணவருக்கும் மாமியாருக்கும் உண்மை தெரிந்திருக்க வேண்டும். கல்யாணப் பேச்சிலேயே சொல்லிவிடுவதுதான் முறை என்பது என் துணிபு. அதனால் விலகிப்போகும் சம்பந்தம் விலகட்டும்.

பள்ளிக்கும் ஒரு விண்ணப்பம். வெயில் இந்நோயைக் கிளறிவிடும். மருத்துவரின் கடிதம் கொண்டு வரும் மாணவியை விளையாட்டு விழா அணிவகுப்பில் வெயிலிலே நிறுத்தாமல், முழுக்கைச் சட்டைக்கும் குடைக்கும் அனுமதி தந்து, மதிப்பெண் எழுதும் பொறுப்பை அவளிடம் ஒப்படைக்கலாம். காரணத்தை மற்ற மாணவியருக்குச் சொல்லலாமா என்று அவளிடமே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.