நல்லா பூசினாப்ல இருக்கே!

போன செமஸ்டர் நம்ம என்.எஸ்.எஸ் ஆட்கள் உறுப்பு தானம் பத்தி ஒரு ஸ்கிட் போட்டாங்க, ஞாபகம் இருக்கா? கிட்னி போன ஒரு பையன் கட்டில்ல படுத்திருப்பான். டாக்டர் வருவார். ரெண்டு பேர் ஒரு போர்வையைத் திரை மாதிரி பிடிப்பாங்க. போர்வையை எடுத்ததும் பையன் குதிச்சு எழுந்து குத்துப்பாட்டுக்கு ஆடுவான். ஆடிட்டோரியமே கைதட்டுச்சு. நானும் தட்டினேன். நல்ல ஸ்கிட்தான், குறை சொல்லல. ஆனா பாட்டு முடிஞ்ச பிறகு அந்தப் பையனுக்கு என்ன ஆச்சுன்னு யாராவது காட்டியிருக்கலாம்னு தோணுச்சு. ஏன்னா அந்தப் பையன் நான்தான். சரி, பொண்ணு.

ப்ளஸ் டூ முடிச்ச வருஷம் என்னோட ரெண்டு கிட்னியும் ஸ்ட்ரைக் பண்ணிடுச்சு. ஏழு மாசம் டயாலிசிஸ். அப்புறம் அம்மா தன்கிட்ட இருந்ததுல ஒண்ணைக் கொடுத்தாங்க. (எங்க வார்டுல கொடுத்தவங்கள்ல முக்கால்வாசிப் பேர் அம்மாவோ மனைவியோதான். வாங்கிக்கிட்டவங்கள்ல முக்கால்வாசிப் பேர் ஆம்பளைங்க. இதைப் பத்தி வேற யாராவது தனியா ஒரு கட்டுரை எழுதுங்க.) அதனாலதான் என் ஸ்கூல் செட்டைவிட ஒரு வருஷம் லேட்டா காலேஜ் சேர்ந்தேன். இந்த விஷயம் கிளாஸ்ல மூணு பேருக்குத்தான் தெரியும். இந்த இதழ் வந்ததும் எல்லாருக்கும் தெரிஞ்சிடும். தெரியட்டும். படிச்சதெல்லாம் இங்கிலீஷ் மீடியம், ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டர் பார்த்துப்பார்.

ஆபரேஷன் நாலு மணி நேரம். மாத்திரை ஆயுசுக்கும். ஆனா நாம பேசுறது, போஸ்டர் அடிக்கிறது, கைதட்டுறது எல்லாம் அந்த நாலு மணி நேரத்துக்குத்தான். 2008ல் ஹிதேந்திரனோட இதயம் சென்னை ட்ராஃபிக்கைத் தாண்டிப் போன கதையை எங்க வீட்ல இன்னமும் சொல்வாங்க. 2023லிருந்து உறுப்பு தானம் செய்தவங்களுக்கு தமிழ்நாட்டில் அரசு மரியாதை செய்யறாங்க. ரெண்டும் வேணும். ஆனா வாங்கிக்கிட்டவங்க அதுக்கப்புறம் எப்படி வாழறாங்கன்னு பேச்சே இல்லை. அந்தப் பேசாத இடத்துலதான் என் வயசுக்காரங்க நிறைய பேர் கிடைச்ச கிட்னியைத் தொலைக்கிறாங்க. நானும் தொலைக்கப் பார்த்தேன்.

மாத்திரை எதுக்குன்னு முதல்ல சொல்லிடறேன். பத்து மாசம் சுமந்தவங்களோட கிட்னிதான்னாலும் என் ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்களுக்கு அது அந்நியப் பொருள். விட்டா அடிச்சுத் துரத்தும். 1954ல் பாஸ்டனில் டாக்டர் ஜோசப் முர்ரே முதன்முதலா வெற்றிகரமா கிட்னி மாத்தினப்போ இந்தத் தொல்லை வரல. கொடுத்தவரும் வாங்கினவரும் அச்சு அசலான இரட்டையர்கள். இரட்டையா பிறக்காத மத்த எல்லாருக்கும் அந்த அணுக்களைத் தட்டி உட்காரவைக்கிற மருந்து வேணும். நான் போடுற டாக்ரோலிமஸ், ஜப்பான்ல த்சுகுபா மலைப் பக்கத்து மண்ணில் 1984ல் கிடைச்ச ஒரு பாக்டீரியா தயாரிக்கிற பொருள். ஒரு பிடி மண்ணுல இருந்த கிருமியாலதான் எனக்கு இன்னைக்கு டயாலிசிஸ் இல்லை. அதை நான் மறக்கல.

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு மிச்சம் சுலபமா புரியும். ரத்தத்துல அந்த மருந்து ஒரு குறுகின எல்லைக்குள்ள நிக்கணும். எனக்கு இப்போ டாக்டர் வச்சிருக்கிற செட் பாயிண்ட் ஒரு மில்லிலிட்டருக்கு 5லிருந்து 8 நானோகிராம். கீழே போனா உடம்பு கிட்னியைத் தாக்கும். மேலே போனா மருந்தே கிட்னியைக் கெடுக்கும். ஆமா, காவலுக்கு வச்ச மருந்துக்கே அந்தக் குணம் உண்டு. வேலியே பயிரை மேயற கதைதான், ஆனா இந்த வேலியைப் பிடுங்கிட்டா பயிரே மிஞ்சாது. பம்ப்ளிமாஸ் பழம் சாப்பிட்டா லெவல் ஏறும். வயிற்றுப்போக்கு வந்தா ஏறலாம். டிபிக்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் போட்டா சடசடன்னு இறங்கும். மருந்துக்கடை அண்ணன் "அதே மருந்துதான்மா, கம்பெனிதான் வேற"ன்னு நீட்டுற அட்டையைக்கூட டாக்டரைக் கேட்காம வாங்கக் கூடாது. இத்தனைக்கும் என்கிட்ட இருக்கிற சென்சார் மாசத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான். இப்படி ஒரு சிஸ்டத்தை டிசைன் பண்ணச் சொன்னா நம்ம டிபார்ட்மெண்டே லீவ் போட்டுடும்.

டாக்ரோலிமஸுக்கு என் மேல இருக்கிற பிரியம் கை நடுக்கமா வெளிப்படும். சாப்பிடறப்போ, மொபைல் பார்க்கறப்போ பெரிசாத் தெரியாது. சால்டரிங் அயர்ன் பிடிக்கும்போது தெரியும். ரெண்டாவது வருஷம் லேப்ல ஐ.சி.யோட ரெண்டு காலைச் சேர்த்து வச்சு சால்டர் பண்ணிட்டு நின்னேன். எக்ஸ்டெர்னல் என் கையைப் பார்த்துட்டு, "பயப்படாதம்மா, தெரிஞ்சதைச் சொல்லு"ன்னார். எனக்கு எல்லாமே தெரியும் சார், கைக்குத்தான் தெரியல. இதை வாய்விட்டுச் சொல்லல. பயந்த பொண்ணுன்னு மார்க் போட்டார்.

அடுத்தது பிரட்னிசலோன், அதாவது ஸ்டீராய்டு. ஜிம்முல சொல்ற ஸ்டீராய்டு இது இல்லை. இது வந்ததும் கன்னம் ரெண்டும் உப்பி முகம் வட்டமாகும், பரு வரும், ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு யானைப் பசி பசிக்கும், தூக்கம் போகும். காரணமே இல்லாம அழுகையும் கோபமும் வரும். ஒருநாள் சட்னியில உப்பு இல்லைன்னு அம்மா முன்னாடி தட்டைத் தள்ளிவிட்டேன். எனக்குக் கிட்னி கொடுத்து மூணு மாசம்கூட ஆகாத அம்மா. அந்த நேரத்துல கல்யாண வீட்டுக்குப் போனா சொந்தக்காரங்க கன்னத்தைக் கிள்ளி, "இப்பத்தான் நல்லா பூசினாப்ல இருக்கே!"ம்பாங்க. பாராட்டுதான், தெரியும். நம்ம காலேஜ் ஐடி கார்டு போட்டோவை எடுத்ததும் அந்தச் சமயத்துலதான். டோஸ் குறைஞ்சு முகம் பழையபடி ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. கேட்ல செக்யூரிட்டி அண்ணா இன்னமும் கார்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துட்டு, "அக்கா கார்டாமா?"ன்னு கேட்கிறார்.

மைகோஃபீனலேட்டும் உண்டு. அது வயித்தைப் படுத்தும், அதோட விட்டா பரவாயில்லை. கர்ப்பமா இருக்கும்போது போட்டா குழந்தையைப் பாதிக்கும். குழந்தை வேணும்னா முன்கூட்டியே டாக்டர்கிட்ட சொல்லி வேற மருந்துக்கு மாறி, கொஞ்ச நாள் பொறுக்கணும். வழி இருக்கு, நிறைய பேர் பெத்திருக்காங்க. ஆனா எங்க பெரியம்மாவுக்கு அந்த வழி வரைக்கும் கேட்கப் பொறுமை இல்லை. "வெளியே மூச்சு விடாதே, நாளைக்கு ஒரு இடத்துல பேசணும்ல." பதினெட்டு வயசுல கேட்ட அந்த ஒரு வரிதான் என்னை மூணு வருஷம் வாயை மூட வச்சுது. நடுக்கம்னா "காபி ஜாஸ்தி". மாஸ்க்னா "டஸ்ட் அலர்ஜி". பானிபூரி வேண்டாம்னா "டயட்". ஹாஸ்பிடல் போனா "ஃபீவர்". கொரோனாவுக்கு அப்புறம் பார்க்கிற விளம்பரமெல்லாம் எதிர்ப்பு சக்தியைக் கூட்டச் சொல்லுது. அதைக் குறைக்க எங்க வீட்ல மாசா மாசம் பணம் கட்டுறாங்கன்னு யார்கிட்ட சொல்ல?

இப்போ சொல்லப்போறது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை. மூணாவது வருஷம் ஒரு சிம்போசியம். லைன் ஃபாலோயர் போர்டை நானே என் கையால சால்டர் பண்ணணும்னு ஆசை. ராத்திரி டோஸை விட்டா மறுநாள் நடுக்கம் கொஞ்சம் கம்மியா இருக்கிறதை ஒரு தடவை தற்செயலா மறந்தப்போ கவனிச்சிருந்தேன். ரெண்டு வாரத்துல ஏழெட்டு ராத்திரி வேணும்னே போடல. தினமும் எட்டு மணிக்கு அம்மா போன் பண்ணுவாங்க. "மாத்திரை போட்டியா?" "போட்டேன்மா." போர்டு அழகா வந்துச்சு, ரெண்டாவது பரிசும் வந்துச்சு. அடுத்த மாச ரிப்போர்ட்ல கிரியாட்டினின் 1.1லிருந்து 1.9. பயாப்ஸி எடுத்துட்டு ரிஜெக்‌ஷன் ஆரம்பிச்சிடுச்சுன்னாங்க. மூணு நாள் ஸ்டீராய்டு டிரிப் ஏத்தினாங்க. இறங்குச்சு, ஆனா 1.4ல் நின்னுடுச்சு. பழைய இடத்துக்கு வரல. அந்த 0.3 அம்மாவோடது.

எனக்கு வலிச்சது அதுக்கப்புறம் நடந்ததுதான். ஏன் விட்டேன்னு டாக்டர் கேட்டார், நடுக்கத்தைச் சொன்னேன். அவர் திட்டல. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே"ன்னு சொல்லிட்டு, மெதுவா கரையுற, ஒரு நாளைக்கு ஒரே வேளை போடுற டாக்ரோலிமஸுக்கு மாத்தினார். நடுக்கம் பாதிக்கு மேல குறைஞ்சுது. அதாவது நான் மறைச்சு மறைச்சுக் கட்டிக்காத்த பிரச்சினைக்கு ஒரு ப்ரிஸ்கிரிப்ஷன் மாத்துற அளவுக்குத்தான் தீர்வு தேவைப்பட்டுச்சு. பக்கவிளைவு எல்லாத்துக்கும் இப்படி வழி இருக்காது. சுகர் வர்றவங்க, இடுப்பு எலும்பு தேயறவங்க, பிபி மாத்திரை கூடிட்டே போறவங்க இருக்காங்க. ஆனா வாயைத் திறந்தாத்தான் டாக்டரால ஏதாவது செய்ய முடியும். "உயிர் பொழைச்சியே, இதெல்லாம் ஒரு குறையா"ன்னு கேட்கிற ஊர்ல வாயைத் திறக்கிறது லேசு இல்லை. நன்றி இல்லாத ஜென்மம்னு ஆயிடும்.

மாத்தி வச்ச கிட்னி பழுதாகிற ஆபத்து, பதினேழு வயசுலேர்ந்து இருபதுகளோட நடுப்பகுதி வரைக்கும் இருக்கிறவங்களுக்குத்தான் அதிகம்னு ஆராய்ச்சிகள் சொல்லுது. மாத்திரையை ஒழுங்கா போடாதது அதுக்கு ஒரு முக்கியமான காரணம். கணக்குப் போட்டுப் பாருங்க, அது அப்படியே காலேஜ் வயசு. வீட்டை விட்டு வர்றோம், முகம் எப்படி இருக்குங்கிறது உலகத்துலேயே பெரிய விஷயமாத் தெரியுது, மத்தவங்க மாதிரியே இருக்கணும்னு வெறி. இந்த மாத்திரைகளோ முகத்துலயும் கையிலயும்தான் கைவைக்குது.

அதனால என்னைக் கேட்டா, விழிப்புணர்வு நாள் நடத்துற காலேஜ்தான் இந்தச் சின்னச் சின்ன விஷயங்களையும் பார்க்கணும். டாக்ரோலிமஸை வெறும் வயித்துல போட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் சாப்பிடணும். எட்டு மணிக்குப் போட்டா ஒன்பது மணிக்குத்தான் இட்லி. மெஸ் எட்டரைக்கு மூடிடும். டப்பாவுல எடுத்துட்டுப் போக மெஸ்ல பர்மிஷன் வாங்கறதுக்கே எனக்கு ஒரு செமஸ்டர் ஆச்சு, அதுவும் "அல்சர்"னு பொய் சொல்லித்தான். நடுங்குற கைக்கு பிராக்டிகல்ல பத்து நிமிஷம் கூடக் கொடுத்தா எந்த யுனிவர்சிட்டியும் இடிஞ்சு விழாது. ஆஸ்பத்திரிகளும் டிஸ்சார்ஜ் அன்னிக்கு நீட்டுற "செய்யாதே" லிஸ்டோட, "எது தொந்தரவு கொடுத்தாலும் நிறுத்தறதுக்கு முன்னாடி எங்ககிட்ட சொல்லு"ன்னு ஒரு வரி சேர்க்கணும். என் லிஸ்ட்ல முப்பதுக்கு மேல செய்யாதே இருந்துச்சு. அந்த வரி இல்லை.

உங்ககிட்ட பெரிசா ஒண்ணும் கேட்கல. ஒருத்தர் முகம் திடீர்னு உப்பியிருந்தா மீம் போடாதீங்க, அவ்வளவுதான். என் ரூம்மேட்டுக்கு மட்டும் முன்னாடியே தெரியும். ராத்திரி எட்டு மணிக்கு நான் லைப்ரரியில இருந்தா "போட்டாச்சா?"ன்னு மெசேஜ் போடுவா. மைகோஃபீனலேட் இன்னும் ரெண்டு வேளைதானே. அவளுக்குப் பொய்யா பதில் போட இதுவரைக்கும் மனசு வரல.

வர்ற செவ்வாய்க்கிழமை எனக்கு லெவல் டெஸ்ட். அன்னிக்குக் காலை மாத்திரையைப் பையிலேயே வச்சிருந்து, ரத்தம் கொடுத்த பிறகுதான் போடணும். லேப் எட்டு மணிக்குத் திறப்பாங்க, ரத்தம் எடுக்கிற அக்கா எட்டரைக்கு வருவாங்க. முதல் ஹவருக்கு நான் இருக்க மாட்டேன். ரெப், அட்டெண்டன்ஸ்ல காரணம் கேட்டா இனிமே "ஃபீவர்"னு எழுதாதே.