சாக்குப்பையில் கட்டி வீசுவதா?

போன வருஷம் ஒரு நாள் விடிகாலை, எங்கள் சூளகிரி கொத்தமல்லி மண்டிக்குப் போயிருந்தேன். ரோட்டோரம் கிடந்த சாக்குப்பை அசைந்தது. பிரித்துப் பார்த்தால், கண்கூடத் திறக்காத மூன்று பூனைக்குட்டிகள்! லாரிகள் பறக்கிற ரோட்டில் இப்படி விட்டுப் போக எப்படித்தான் மனசு வந்ததோ?

"பூனைதானே, எப்படியும் பொழைச்சுக்கும்" என்கிறார்கள். பொழைக்காது சகோதரிகளே! தெரியாத்தனமாக நான் பசும்பால் புகட்ட, வயிற்றுப்போக்கு வந்து ஒரு குட்டி செத்தே போச்சு. அப்புறம் கால்நடை டாக்டரிடம் கேட்டுத்தான் மற்ற இரண்டையும் தேற்றினேன். ஒன்று எதிர்வீட்டில் வளர்கிறது, ஒன்று எங்களிடம்.

வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது, 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சென்னையில் கேப்டன் சுந்தரம் குடும்பத்தார் 1959-ல் ஆரம்பித்த ப்ளூ கிராஸ் இருக்கிறது. நம்மைப் போன்ற சின்ன ஊர்களில் நாமேதான் ப்ளூ கிராஸ்!

பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினையாகிவிடும். அதனால் டாக்டரைக் கேட்டு முன்கூட்டியே கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுங்கள். குட்டி போட்டுவிட்டதா? இரண்டு மாதம் தாயோடு விட்டுவைத்து, அப்புறம் நல்ல வீடாகப் பார்த்துக் கையில் கொடுங்கள்.

பெண்ணைக் கட்டிக் கொடுக்க நாலு இடம் விசாரிக்கிற நாம், வாயில்லா ஜீவனுக்கு ஒரு வீடு விசாரிக்கக் கூடாதா?

- ஓர் இல்லத்தரசி, சூளகிரி.