பத்திரிகாசிரியரும் தேசிய ராஜீயமும்

பத்திரிகாசிரியர் தேசிய ராஜீயத்தில் பிரவேசிக்கலாமா என்ற கேள்வி நம் நாட்டில் அடிக்கடி எழுகின்றது. பிரவேசித்தால் பேனாவின் சுதந்திரம் பறிபோகும் என்பர் சிலர். பிரவேசியாவிடில் எழுத்து வெறும் வாய்ப்பந்தலே என்பர் வேறு சிலர். இவ்விரு சாராருக்கும் ஜி. சுப்பிரமணிய ஐயரின் சரித்திரமே தக்க விடை என்பது நமது அபிப்பிராயம்.

1878-ல் நண்பர் ஐவருடன் கூடி 'ஹிந்து'வை ஸ்தாபித்தவர் ஐயர். 1882-ல் 'சுதேசமித்திர'னைத் தொடங்கி, தமிழ் ஜனங்களுக்குத் தமிழிலேயே ராஜீய விஷயங்களை எடுத்துரைத்தார். 1885 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் மகாசபை முதன்முதலாகக் கூடியபோது, முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தவரும் அவரே.

அத்தீர்மானம் கோரியது யாது? இந்திய நிர்வாகத்தை ஒரு ராயல் கமிஷன் விசாரிக்க வேண்டும். அதில் இந்திய ஜனங்களுக்குப் போதிய பிரதிநிதித்துவம் வேண்டும். இந்தியா, இங்கிலாந்து ஆகிய இரு தேசங்களிலும் சாட்சியம் எடுக்க வேண்டும் என்பதே. தீர விசாரிப்பதும், சாட்சியம் கேட்பதும், கஷ்டப்படுவோரின் வாய்மொழிக்கு இடமளிப்பதும் பத்திரிகைத் தொழிலின் தர்மமன்றோ? ஐயர் அத்தர்மத்தைத் துறந்து ராஜீயத்துக்குச் செல்லவில்லை. அதையே மகாசபைக்குக் கொண்டு சென்றார்.

மேடை கிடைத்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்தாருமில்லை. விதவா விவாகத்தை ஆதரித்த அவர், 1889-ல் தம் சொந்தப் புத்திரிக்கே மறுவிவாகம் செய்வித்து, உற்றாரின் வெறுப்பை ஏற்றார். 1898-ல் 'ஹிந்து'வினின்று விலகி, மறு வருஷமே 'சுதேசமித்திர'னைத் தினசரியாக்கினார். 1908-ல் ராஜத்துவேஷக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதியானார். எழுத்துக்கு உரிய விலையை அவர் கொடுத்தார்.

இன்றும் பத்திரிகைத் தொழிலினின்று பார்லிமெண்டுக்குச் செல்வோர் உளர். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆயின், நேற்று வரை மந்திரிகளைக் கேள்வி கேட்டவர், தம் கட்சி பதவியேற்றதும் மௌன விரதம் பூணுவது ஏன்? 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தைச் சிலர் காரணங் காட்டுவர். கொறடாவின் கட்டளையை மீறி வாக்களித்தால் ஸ்தானம் போகலாம் என்பது மெய்யே. ஆனால், கேள்வி நேரத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்பதற்கு அச்சட்டம் குறுக்கே நிற்கவில்லை. நாவைக் கட்டுவது சட்டமன்று, பதவி மோகமே.

பிறர் ஆட்சியைக் கண்டிப்பது எவர்க்கும் எளிது. தம்மவர் ஆட்சியிலும் விசாரணை கோருபவரே பத்திரிகாசிரியர் என்ற பெயருடன் சபைக்குள் நுழையத் தகுந்தவர். ஏனையோர் பத்திரிகைக்கும் நஷ்டம், தேசத்துக்கும் நஷ்டம்.