ஒரு பெயரும் பல இயல்பும்

ஒரு பொருளின் இயல்பை அறியாது அதனைக் கையாளுதல் அறிவுடைமை ஆகாது. இக்காலத்து நம் மக்கள் 'பிளாஸ்டிக்' என்னும் ஒரு சொல்லாற் பல பொருள்களை வழங்குகின்றனர். பெயர் ஒன்றாதல் பற்றி இயல்பும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்துமோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

எத்திலீன் என்னும் வாயுவின் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கிற் கைகோத்து நெடுஞ்சங்கிலியாதலே பலபடியாக்கல். 1933-ம் ஆண்டில் இங்கிலாந்தின் ஐ. சி. ஐ. கம்பெனி ஆய்வாளர் இதனை ஆயிரம் வளிமண்டலத்திற்கு மேற்பட்ட அழுத்தத்தில் நிகழக் கண்டனர். அவ்வழிப் பிறக்குஞ் சங்கிலிகள் கிளைகள் பல உடையன. கிளைத்தவை நெருங்கி அடுங்கா. ஆதலின் அப்பொருள் ஏறத்தாழ 110 பாகை செல்சியஸில் உருகும். 1953-ம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் சீக்லர், தக்க வினையூக்கியின் துணையால் தாழ்ந்த அழுத்தத்திலேயே நேரிய சங்கிலிகளை ஆக்கினார். அவை செறிந்து அடுங்குதலின் 130 பாகையளவிலேயே உருகும். வாயு ஒன்றே, வளர்த்த முறை வேறு, வெம்மை தாங்கும் ஆற்றலும் வேறாயிற்று.

புரொப்பிலீனின் கதை இன்னும் வியப்புடைத்து. சங்கிலியின் பக்கக்கூறுகள் ஒழுங்கின்றி அமையின் கிடைப்பது பிசுபிசுக்கும் மென்பொருள். ஒழுங்குற அமையின் 160 பாகை வரையும் உருகாத திண்பொருள். பின்னதை 1954-ம் ஆண்டில் ஆக்கிக் காட்டியவர் இத்தாலியராகிய ஜூலியோ நாட்டா. இவ்விருவரும் 1963-ம் ஆண்டு நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர்.

இனி நம் நாட்டை நோக்குவாம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் ஆண்டிலும், ஒரகடத்தில் 2010-ம் ஆண்டிலும் பெரிய கார்த் தொழிற்சாலைகள் எழுந்தன. வண்டியின் முன்காப்பும் பாட்டரிப் பெட்டியும் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீனால் ஆயவையே. இதனை அச்சில் வார்ப்போர் 200 முதல் 250 பாகை வரை சூடேற்றுவர். "குருணை எங்கோ செய்யப்பட்டு வருகின்றது, அதன் பிறப்பை அறிந்து தொழிலாளிக்கு ஆவதென்னை?" எனச் சிலர் வினவலாம். சூடு குறையின் அச்சு நிரம்பாது. மிகின் சங்கிலி அறுந்து பொருள் நொய்ம்மையுறும். எண்ணை மட்டும் மனனஞ் செய்தவன் குருணை மாறிய அன்று திகைப்பான். காரணம் அறிந்தவனோ தானே சிந்தித்துத் தெளிவான்.

கிண்டியில் 1968-ம் ஆண்டிலேயே பிளாஸ்டிக் தொழிற்கல்வி நிலையம் தோன்றிற்று. ஆயினும் அக்கல்வியின் நுட்பம் பட்டறையில் நிற்கும் இளைஞனுக்கு அவன் தாய்மொழியில் எட்டுதல் வேண்டும். அதற்குரிய எளிய நூல்களை ஆக்குதல் வேதியியல் மாணவர்க்கேயன்றித் தமிழ் மாணவராகிய எமக்கும் உரிய கடமையாம். ஸ்ரீபெரும்புதூரிற் பிறந்த இராமாநுசர், மறைத்து வைத்த மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தேறி யாவர்க்கும் உரைத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அவ்வூரைச் சூழ்ந்த தொழிற்சாலைகளில், உழைப்பவனுக்குத் தன் கைப்பொருளின் காரணம் மட்டும் மறைபொருளாக இருத்தல் தகுமோ?