'பார்க்'கில் சிக்கிய கார்

நிக்காஹ் பட்டு எடுக்கப் பெரிய காஞ்சிபுரம் வரும் குடும்பங்களைக் காந்தி சாலையில் ஆண்டு முழுவதும் காணலாம். வளைகுடாவில் ஆட்டோமேட்டிக் கார் ஓட்டிப் பழகி, விடுமுறையில் தாயகம் வந்தோரும் அவர்களுள் உண்டு. சேலைகளைத் தேர்ந்து மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினால் (பட்டுக் கடையில் அது குறைந்த கணக்கே!) பேட்டரி ஓய்ந்து கிடக்கிறது. ஓரமாகத் தள்ளிவிட நான்கு பேர் வருகின்றனர். காரோ அசையவில்லை, கியர் தண்டும் 'பார்க்' நிலையை விட்டு நகரவில்லை.

பிரேக்கை மிதித்தாலன்றித் தண்டு விலகாதபடி மின்சாரத்தால் இயங்கும் பூட்டு ஒன்று அங்குள்ளது. 1986இல் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தாமாகப் பாய்கின்றன என்ற புகார் பெரிதாக எழ, 1987இல் அந்நிறுவனம் இத்தகைய பூட்டைப் பொருத்தத் தொடங்கியது. பிரேக் என்றெண்ணி ஆக்சிலேட்டரை மிதித்ததே பெரும்பாலும் காரணம் என 1989இல் அந்நாட்டு அரசின் ஆய்வு கூறிற்று. பூட்டு நல்லதே, ஆனால் பேட்டரி தீர்ந்தால் அது திறவாது.

ஆகவே, முதலில் வேறொரு காரிலிருந்து ஜம்பர் கேபிள் மூலம் மின்சாரம் தர முயல்க. அதற்கு வழியில்லையெனில் மட்டுமே பூட்டைக் கையால் விடுவிக்க வேண்டும். தண்டை வலிந்து இழுத்து உடைத்துவிடாதீர்கள்.

ஆபத்து இனித்தான் இருக்கிறது. கியர் பெட்டிக்குள் சிறு இரும்புக் கொண்டியொன்று பற்சக்கரத்தின் பல்லிடையில் விழுந்து நிற்பதே 'பார்க்' நிலை. தறியில் படமரம் பின்னோக்கிச் சுழலாதிருக்கச் செருகும் கம்பியை நெசவாளர் இல்லங்களில் கண்டிருப்பீர்கள். ஏறத்தாழ அதே வேலைதான். கொண்டி விலகியதும், பிடித்து நிறுத்த வேறெதுவும் இல்லையேல், திருமண மண்டபத்தின் கீழ்த்தளச் சரிவில் ஒரு டன்னுக்கும் மேற்பட்ட கார் தானே உருளும். ஆதலால் முதலில் ஹாண்ட் பிரேக்கை முழுவதும் இழுங்கள். சரிவின் கீழ்ப்புறமாகச் சக்கரங்களுக்குக் கட்டையோ கனத்த கல்லோ கொடுங்கள். ஹாண்ட் பிரேக்கும் மின்பொத்தானாக உள்ள கார்களில், பேட்டரி தீர்ந்தபின் கட்டையே துணை. குழந்தைகளையும் முதியோரையும் இறக்கி, காரின் முன்னும் பின்னும் எவரும் நில்லாதபடி விலக்குங்கள்.

பின்னர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பி, பிரேக்கை அழுத்தி மிதியுங்கள். எஞ்சின் ஓடாததால் பெடல் இறுகியிருக்கும், அஞ்ச வேண்டாம். பல கார்களில் தண்டின் அருகே சிறு மூடி இருக்கும். அதை நெம்பி எடுத்து, உள்ளிருக்கும் பொத்தானைச் சிறு ஸ்குரூ டிரைவரால் அழுத்தியவாறே தண்டை 'நியூட்ரல்' நிலைக்கு நகர்த்துங்கள். மூடி இருக்குமிடம் காருக்குக் கார் மாறும். காருடன் தந்த கையேட்டில் பார்த்துக்கொள்வது நலம். தண்டே இல்லாமல் பொத்தானோ திருகியோ உள்ள புதிய கார்களை மெக்கானிக்கிடம் விடுங்கள். 2014இல் மாருதி செலேரியோவுடன் நம் நாட்டில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. கார்கள் பலவற்றில் 'பார்க்' நிலையே கிடையாது; அவற்றுக்கு இம்முறை பொருந்தாது.

தள்ளுவது சமதரையில், சில அடி தூரம் மட்டுமே. ஒருவர் பிரேக்கில் கால் வைத்து உள்ளே இருக்க வேண்டும். கட்டையை எடுப்பது அதற்குப் பின்னரே. கயிறு கட்டி வெகுதூரம் இழுத்துச் செல்லாதீர்கள். கியர் பெட்டியின் எண்ணெய்ப் பம்பு எஞ்சின் ஓடினால்தான் சுழலும். எண்ணெயின்றிச் சுழன்ற கியர் பெட்டிக்கு ஆகும் செலவில் இன்னொரு பட்டுச் சேலையே எடுத்துவிடலாம். சக்கரங்கள் தரையில் படாமல் லாரியில் ஏற்றிச் செல்லும் மீட்பு வண்டியை அழையுங்கள்.