ஊழ் இழந்த ஆங்கிலமும் ஊழ் மறக்கும் தமிழரும்

"ஆங்கிலம் கண்ட மொழிகளினின்றெல்லாம் சொற்களைக் கடன்கொண்டே உலகமொழி ஆயிற்று, தமிழும் அவ்வாறு கொண்டால் என்ன இழுக்கு?" என வினவுவார் உளர். மேடைதோறும் இதழ்தோறும் எழுப்பப்படும் வினா இது. வினவுவோருள் ஆங்கிலச் சொல்வரலாற்றை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தவர் மிகச் சிலரே. பார்த்திருப்பின், அவ் வரலாறே தம் கூற்றை மறுத்து நிற்பதைக் கண்டிருப்பர். அதற்கு ஒரு சொல் போதும். 'வியர்டு' என்பது அச்சொல்.

இன்று ஆங்கிலேயன் வாயில் அதற்குப் பொருள் விந்தையானது, இயல்புக்கு மாறானது என்பதே. ஓராயிரம் ஆண்டுகட்கு முன் அது 'விர்டு' என நின்று ஊழைக் குறித்தது. 'ஆதல்' என்னும் பொருளுடைய 'வெயொர்தன்' என்னும் வினையோடு பிறந்த சொல் அது. அவ்வினையின் உடன்பிறப்பாகிய 'வேர்டன்' செருமன் மொழியில் இன்றும் ஆதற்பொருளிலேயே வழங்குகின்றது. எனவே, சொல்லின் வேரளவில், பழைய ஆங்கிலன் கண்ட ஊழ் ஒருவன் இட்ட கட்டளை அன்று, ஆகி வருவது. பேயோவுல்பு என்னும் பழம்பாட்டில் இச்சொல் பயில்கின்றது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட ஆல்பிரடு அரசன் பெயரால் வழங்கும் போயித்தியசு நூலின் மொழிபெயர்ப்பு, ஊழைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்கு நிகராக இச்சொல்லையே ஆள்கின்றது. மெய்ப்பொருள் நூலையும் தாங்கவல்ல சொல்லாக அது இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரண்மனையிலும் வழக்குமன்றத்திலும் பிரஞ்சு ஏறியது. கோயிலில் இலத்தீன் முன்னரே இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் 'டெசுட்டினி', 'பேட்டு', 'பிரீடெசுட்டினேசன்' என்னும் மூன்றும் ஆங்கில எழுத்தில் புகுந்து விட்டன. 'பேட்டு' என்பதன் இலத்தீன் வேர்ப்பொருள் 'சொல்லப்பட்டது'. அஃதாவது, தெய்வம் வாய்திறந்து கூறிய தீர்ப்பு. மற்றிரண்டும் நிலைநிறுத்துதல் என்னும் பொருளுடைய ஒரே இலத்தீன் வினையினின்று வந்தவை; மூன்றாவது, முன்னரே நிலைநிறுத்தப்பட்டது என்பது. ஆதல் போயிற்று, ஆணை வந்தது. சொல் மாறியபோது கருத்தும் மாறியது காண்க.

சமயத்தார் கையில் அவ் ஆணை மேலும் இறுகியது. அகசுத்தின் அடிகள் (354–430) தம் முதுமையில் இதுபற்றித் தனிநூலே எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் கால்வின், மக்களுள் சிலர் நிலைவாழ்வுக்கும் பிறர் அழிவுக்கும் இறைவனால் முன்னரே குறிக்கப்பட்டோர் எனக் கற்பித்தார். ஏரோட்டும் சிறுவனும் மறைநூலை உணர வேண்டுமென முனைந்த தின்டேல், 1526இல் பவுலின் உரோமையர் மடலை மொழிபெயர்த்தபோது, 'முன்' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தே இக்கருத்தை உரைத்தார். 1611இல் அரசன் பெயரால் வெளிவந்த விவிலியமோ அவ்விடத்தில் முழு இலத்தீன் சொல்லையே இட்டது. 1646இல் வெசுட்டுமின்சுட்டரில் கூடிய சமயப் பேரவையின் அறிக்கை ஒருபடி மேற்சென்றது: வாழ்வுக்குக் குறிக்கப்பட்டோர்க்கு இலத்தீன் சொல், சாவுக்குக் குறிக்கப்பட்டோர்க்கு ஆங்கில முன்னொட்டுடைய கலப்புச் சொல்! வீட்டுமொழிக்குக் கிடைத்த இடம் அது.

இனி, துரத்தப்பட்ட 'விர்டு' என்னாயிற்று? அது வடக்கே காட்டுலாந்தில் ஒதுங்கி உயிர்பிழைத்தது. மாக்குபெத்து நாடகத்தில் சேக்சுபியர் அதனை மூன்று மந்திரக் கிழவியர்க்கு அடையாக்கினார். ஊழ்மகளிர் என்பதே அதன் பொருள். ஆயின், தாய்ச்சொல்லை மறந்த பின்னோர் கிழவியரின் கோலத்தைக் கண்டனரேயன்றிச் சொல்லின் பொருளைக் கண்டிலர். 19ஆம் நூற்றாண்டில் அது 'விந்தையான' என இழிந்தது. கடன் வந்த சொல் அரியணை ஏற, வீட்டுச்சொல் தெருவில் நகைப்பொருளாய்த் திரிகின்றது. இது வளர்ச்சியா?

ஆங்கிலேயருள்ளும் இதற்கு வருந்தியோர் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் சான் சேக்கு என்னும் பேரறிஞர் தாய்மொழி கலப்பின்றி எழுதப்பெறல் வேண்டும் என்றார். 19ஆம் நூற்றாண்டில் பள்ளியாசிரியரும் பாவலருமான வில்லியம் பார்னசு கடன்சொற்கட்கு மாறாகத் தூய ஆங்கிலச் சொற்களைப் படைத்தளித்தார். கேட்டார் இலர். விளைவு, ஆங்கில மாணவன் தன் முன்னோர் பாட்டை அயல்மொழி போல் பயின்றே படிக்க வேண்டியுள்ளது.

தமிழுக்கு அந்நிலை இன்னும் வரவில்லை. ஊழ் என்னும் சொல் திருக்குறளில் 38ஆம் அதிகாரத்தின் பெயராய் அறத்துப்பாலின் முடிவில் நிற்கின்றது. ஊழ்த்தல் என்பது முதிர்தல், மலர்தல். பூ மலர்வதும் வினை முதிர்வதும் ஒரே சொல்லால் உணர்த்தப்பெற்றன. ஆகூழ், போகூழ் எனத் திருவள்ளுவர் ஆக்கத்தையும் அழிவையும் பிரித்துக் காட்டினார். அவரே ஆள்வினையுடைமையில், தளராது முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என்றார்.

இச்சொல்லிருக்க, 'விதி' எதற்கு? விதி என்பது வடமொழியில் கட்டளை. கட்டளையெனின் இட்டவன் ஒருவன் வேண்டும். அதனால் நான்முகன் தலையில் எழுதினான் என்னும் கதை வந்தது. உழைத்தும் வறியனாயிருப்பவனை நோக்கி 'உன் தலைவிதி' என்றவுடன், அவன் வறுமைக்குக் காரணமானோர் அனைவரும் தப்பிவிடுகின்றனர். பிறப்பால் தாழ்த்தப்பட்டவனை வாயடைத்ததும் இச்சொல்லே. நல்லது நேரின் 'அதிருட்டம்'. அஃதும் 'காணப்படாதது' எனப் பொருள்படும் வடசொல்லே. நல்லூழ் என்னத் தமிழர் நாவுக்கு என்ன தடை?

வியர்டின் இழிவு இங்கும் தொடங்கிவிட்டது. ஊழ்த்தலுக்குப் பதனழிதல் என்னும் பொருளும் உண்டு; அதிற் பிறந்தது ஊழல். அச்சொல் செய்தித்தாளில் நாள்தோறும் வருகின்றது. தாயாகிய ஊழோ தேர்வுத்தாளில் மட்டும் வருகின்றது. அழுகற்பொருள் வாழ, மலர்ச்சிப்பொருள் மறைகின்றது.

ஆங்கிலத்தைக் காட்டிக் கலப்பை வேண்டுவோர், அதன் செல்வத்தைக் காட்டுகின்றனர், இழப்பை மறைக்கின்றனர். இழந்தபின் மீட்க ஆங்கிலனால் இயலவில்லை. தமிழன் இன்னும் இழக்கவில்லை. மணவாழ்த்திலும் இரங்கலிலும், வீட்டுப் பேச்சிலும் வகுப்பறையிலும், விதி என வாய்வரும் இடமெல்லாம் ஊழ் எனச் சொல்லுக. அதிருட்டம் என வரும் இடமெல்லாம் ஆகூழ் எனச் சொல்லுக. தமிழ் அழிவது ஊழன்று, தமிழரின் சோம்பலே!